பிசினஸ் கேஷுவல்னு ஒரே வரி மெயில், கத்திரி வெயில், பைக் பயணம்: என்ன போட்டுக்கொண்டு போவது?

கேள்வி, ஏப்ரல் 16

அண்ணா, சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் இருக்கேன். மே முதல் வாரம் கிளையன்ட் வர்றாங்க. பகல்ல ரிவ்யூ மீட்டிங், ராத்திரி ஈ.சி.ஆர்ல டின்னர். மெயில்ல டிரெஸ் கோடு 'பிசினஸ் கேஷுவல்'னு ஒரே வரி. டீம்ல ஒருத்தன் பிளேசர் வாங்கிட்டான். இன்னொருத்தன் ஜீன்ஸும் போலோவும் போதும்கிறான். என்கிட்ட காலேஜ் பிளேஸ்மென்ட்டுக்கு எடுத்த வெள்ளைச் சட்டையும் கறுப்பு பேண்ட்டும் இருக்கு. அதுவே போதுமா? கத்திரியில கோட் போட முடியாது, பைக்லதான் போகணும். அப்பாகிட்ட கேட்டா "நல்லா துவைச்சு இஸ்திரி போட்டதா போட்டுட்டுப் போடா"ங்கிறார்.

ஏப்ரல் 16, இரவு

பதில் முதலில், காரணம் அப்புறம். பிசினஸ் கேஷுவல் என்றால் கோட்-சூட்டுக்கும் வீட்டு உடைக்கும் நடுவே நிற்கிற ஆபீஸ் உடை. கடல்நீல சினோ பேண்ட் (ஃபார்மலுக்கும் ஜீன்ஸுக்கும் நடுவான பருத்தி பேண்ட்), வெள்ளை முழுக்கைச் சட்டை, பழுப்பு லெதர் ஷூ, அதே பழுப்பில் பெல்ட். டை வேண்டாம். பிளேசர் இப்போதைக்கு வேண்டாம்.

பிளேஸ்மென்ட் சட்டையை வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் கறுப்பு பேண்ட்டை மட்டும் விடுங்கள். மேலே வெள்ளை, கீழே பளபளக்கும் கறுப்பு என்றால் இன்டர்வியூவுக்கு வந்த பையன், இல்லையென்றால் அந்த ஹோட்டலிலேயே பரிமாறுகிறவர் என்றுதான் கண்ணில் படும். நீங்கள் அன்றைக்கு விருந்து கொடுக்கிற பக்கம். பேண்ட் ஒன்றை மாற்றினாலே முக்கால்வாசி வேலை முடிந்தது.

அப்பா சொன்னது சரி. துவைத்து இஸ்திரி போட்ட, அளவான சாதாரணச் சட்டைக்கு முன்னால் கசங்கின விலை உயர்ந்த சட்டை நிற்காது.

நான் திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பையர் மீட்டிங், அதாவது துணி வாங்க வருகிறவர்களோடு மீட்டிங் என்றால் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் துணியையே தொழிலாகப் பார்க்கிறவர்கள். நம் சட்டையின் தோள் தையலைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார்கள். அதனால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு, நீளமாக எழுதுவேன்.

ஏப்ரல் 17, காலை

தோளிலிருந்து ஆரம்பிக்கிறேன். ரெடிமேட் சட்டை எடுக்கும்போது கண்ணாடி முன் நின்று பாருங்கள்: கை தைத்த கோடு தோள் எலும்பு முடிகிற இடத்தில் உட்கார வேண்டும். அரை அங்குலம் கீழே இறங்கினாலும் அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்ட மாதிரி இருக்கும். உள்ளே ஏறினால் கையைத் தூக்கும்போதெல்லாம் இழுக்கும். இடுப்பு லூஸாக இருந்தால் தெருமுனை டெய்லர் பக்கவாட்டில் பிடித்துக் கொடுத்துவிடுவார். கை நீளமா, குறைத்துவிடலாம். தோளைப் பிரித்துத் தைப்பது மட்டும் சட்டையையே திரும்பத் தைக்கிற வேலை, நல்ல டெய்லர் வேண்டாம் என்றுதான் சொல்வார். ஆகவே சைஸ் நம்பரைப் பார்க்காதீர்கள். தோள் பொருந்துகிற சட்டையை எடுங்கள், மற்றதை ஆல்டர் செய்துகொள்ளலாம்.

காலர்: மேல் பட்டன் போட்ட பிறகு இரண்டு விரல் உள்ளே போக வேண்டும். அந்தப் பட்டனைப் போடப்போவதே இல்லை என்றாலும் சரிபாருங்கள், காலர் அளவாக இருந்தால்தான் திறந்து விட்டாலும் நிமிர்ந்து நிற்கும். காலருக்குள் வைக்கிற கேன்வாஸ் ரொம்ப மெல்லிசு என்றால் டை இல்லாத காலர் இரண்டு பக்கமும் படுத்துவிடும். டை கட்டாமல் போகிற உடுப்பில் கழுத்தைத் தாங்குவது அந்தக் கேன்வாஸ்தான். கடையிலேயே காலரை மடக்கிப் பாருங்கள், விட்டதும் திரும்பி எழ வேண்டும்.

பைக்கில் போகிறவர் இன்னொன்றும் பார்க்க வேண்டும். டிரையல் ரூமில் ஹேண்டில்பாரைப் பிடிப்பது போலக் கையை நீட்டுங்கள், பாதி உட்காருங்கள். முதுகில் துணி இறுகி, இன் பண்ணின சட்டை பின்னால் உருவி வெளியே வந்தால் அது உங்களுக்கான சட்டை இல்லை. தோள்பட்டைக்குக் கீழே, முதுகுப் பக்கம் மடிப்பு வைத்துத் தைத்தது இந்த இடத்தில் கைகொடுக்கும்.

ஏப்ரல் 17, மதியம்

துணி பற்றி. சென்னைக்கு வெயிலைவிடப் புழுக்கம்தான் எதிரி. ஈரத்தை இழுத்துக் காயவிடுகிற துணி வேண்டும்.

சட்டைக்கு முழுப் பருத்தி. ஜி.எஸ்.எம். என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். சட்டைத் துணி 100-லிருந்து 130 வரை இருந்தால் இந்த ஊருக்குப் போதும். அதற்கும் கீழே போனால் பனியன் வெளியே தெரியும். ஆக்ஸ்ஃபர்ட் துணி கொஞ்சம் கனம், ஆனால் நெசவு இடைவெளியோடு இருப்பதால் காற்று போகும், கசங்கினாலும் அழகு கெடாது. பாப்ளின் வழவழப்பானது, இஸ்திரி போட்டால் கத்தி மாதிரி நிற்கும், பைக்கில் வந்து இறங்கினால் சுருங்கிக் கிடக்கும். லினன் நம் ஊர் வெயிலுக்கென்றே பிறந்தது. அது கசங்கும், கசங்குவதுதான் அதன் இயல்பு. கிளையன்ட் முன்னால் அவ்வளவு கசங்கல் வேண்டாம் என்றால் பருத்தியும் லினனும் கலந்ததை எடுங்கள்.

பாலியஸ்டர் அதிகம் கலந்த சட்டை கசங்காது என்று கடைக்காரர் சொல்வார். உண்மைதான். மதியம் சாப்பாட்டுக்குப் போய்வந்து லிஃப்டில் நான்கு பேரோடு நிற்கும்போது அதன் மறுபக்கம் தெரியும். வியர்வை வாடை அந்த இழையில் பிடித்தால் துவைத்தாலும் லேசில் போவதில்லை.

பேண்ட்டுக்குப் பருத்தி சினோ. 220, 240 ஜி.எஸ்.எம். அளவில், இரண்டு சதவீதம் லைக்ரா (இழுபடுகிற இழை) கலந்தது. லைக்ரா கூடினால் முட்டியில் பை விழும், துணியும் காலோடு ஒட்டும்.

ஏப்ரல் 17, இரவு

ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "இளநீலச் சட்டைதானே எல்லாரும் சொல்றாங்க, நீங்க ஏன் வெள்ளை சொல்றீங்க?"

வியர்வைதான் காரணம். இளநீலமும் சாம்பலும் அக்குள் ஈரத்தை அப்படியே படம் வரைந்து காட்டும். வெள்ளையும் அடர்நீலமும் மறைக்கும். ஏ.சி. கார், ஏ.சி. ஆபீஸ் என்று போய்வருகிறவருக்கு இளநீலம் அருமையான நிறம். துரைப்பாக்கம் சிக்னலில் பைக்கில் நிற்கிற தம்பிக்கு வெள்ளை.

உள்ளே பனியன் கட்டாயம், கை வைத்த பனியன். கை இல்லாதது அக்குள் வியர்வையைப் பிடிக்காது, அதன் தோள்பட்டை வெள்ளைச் சட்டைக்குள் தெரியவும் செய்யும். பனியன் ஊரான திருப்பூர்க்காரன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்: வெள்ளைச் சட்டைக்குள் வெள்ளைப் பனியன் பளிச்சென்று தெரியும், சாம்பல் நிறம் தெரியாது. வீட்டில் இருக்கிற ஒரு சாம்பல் பனியனைப் போட்டுப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

ஏப்ரல் 19

"கோட் இல்லாம போறது வர்றவங்களுக்கு மரியாதைக் குறைவு, மேல்நாட்டுக்காரங்க அதைக் கவனிப்பாங்க" என்று மூத்தவர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஐயா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

இந்த உடை முறையே கோட்டைக் கழற்றத்தான் பிறந்தது. ஹவாயில் 1960-களில் வெள்ளிக்கிழமை பூப்போட்ட அலோகா சட்டை போட்டு ஆபீஸ் வரும் பழக்கம் ஆரம்பித்தது, அதுவும் வெயில் ஊர்தான். அமெரிக்காவுக்குள் அது பரவியபோது என்ன போடுவது என்று யாருக்கும் தெளிவில்லை. 1992-ல் லீவைஸ் கம்பெனி 8 பக்கக் கையேடு ஒன்று அச்சடித்து 25,000 மனிதவள மேலாளர்களுக்கு அனுப்பிவைத்தது. அவர்களுடைய டாக்கர்ஸ் காக்கி பேண்ட் 1986-லேயே சந்தைக்கு வந்திருந்தது. இன்றைக்கு உலகம் முழுக்க 'சினோவும் காலர் சட்டையும்' என்று ஓடுகிற விதியில் பேண்ட் விற்கிறவர் கைவண்ணம் நிறைய இருக்கிறது. வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, நம் ஊருக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளலாம்.

மரியாதையில் யாருக்கும் குறையாத ஜப்பானையே பாருங்கள். 2005 கோடையில் அந்த அரசாங்கமே 'கூல் பிஸ்' என்று ஒரு இயக்கம் தொடங்கியது. ஆபீஸ் ஏ.சி.யை 28 டிகிரியில் வையுங்கள், டையையும் கோட்டையும் கழற்றுங்கள் என்றார்கள். அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் யுரிக்கோ கொய்க்கே முன்னின்று நடத்தினார். பிரதமர் கொய்சுமியே ஒகினாவா தீவின் கரியுஷி சட்டையில் வந்தார். மலேசியாவில் அரசு ஊழியர்கள் வியாழக்கிழமை பாத்திக் சட்டை போடுகிறார்கள். முழுக்கை பாத்திக் அங்கே விருந்துக்கும் செல்லும்.

வருகிறவர் கவனிப்பது கோட் இருக்கிறதா என்று இல்லை. இவர் நமக்காகக் கொஞ்சம் மெனக்கெட்டாரா என்பதைத்தான். வெயிலில் கோட்டுக்குள் வெந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டே பேசுகிற மனிதரைப் பார்த்தால் எதிரே இருப்பவருக்குத்தான் சங்கடம்.

ஏப்ரல் 19, சிறு சேர்க்கை

ஆபீஸ் ஏ.சி. குளிரில் நடுங்குகிறவர்களுக்கு பிளேசர் பயன்படும், மறுக்கவில்லை. உள்ளே லைனிங் முழுதாக இல்லாத, தோளில் பேட் இல்லாத, பருத்தி அல்லது லினன் பிளேசர். அதை நாற்காலி முதுகில் மாட்டாமல் ஹேங்கரில் மாட்டி ஆபீஸிலேயே வைத்துவிடுங்கள். பைக்கில் போட்டுக்கொண்டு வர வேண்டாம்.

ஏப்ரல் 22

போலோ பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். இது என் தினசரிச் சோறு, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

போலோ பகல் மீட்டிங்குக்குப் போகலாம், டின்னருக்கு வேண்டாம். டென்னிஸ் ஆடுகிறவர்களுக்காக வந்த சட்டை அது. 1920-களில் பிரெஞ்சு டென்னிஸ் வீரர் ரெனே லகோஸ்த் முழுக்கைச் சட்டையோடு ஆட முடியாமல் அரைக்கை பிக்கே துணியில் போட்டு ஆடினார், அங்கிருந்து வந்தது.

கடையில் எடுக்கும்போது இப்படிப் பாருங்கள். துணியைப் புரட்டி உற்றுப் பார்த்தால் பிக்கேவில் தேன்கூடு மாதிரிச் சின்னச் சின்னக் குழி தெரியும். குழி இல்லாமல் வழவழவென்று இருந்தால் அது சிங்கிள் ஜெர்சி, டி-சர்ட் துணியில் காலர் வைத்தது. வீட்டுக்கு நல்லது, மீட்டிங்குக்கு உடம்போடு ஒட்டும். பிக்கே 200, 220 ஜி.எஸ்.எம். இருந்தால் விழும் விதம் நன்றாக இருக்கும்.

அடுத்தது பக்கத் தையல். சட்டையை மேசையில் விரித்துப் போட்டு, அக்குளிலிருந்து கீழே வருகிற தையலைப் பாருங்கள். நேராகக் கீழே இறங்க வேண்டும். துணியை முறையாகப் பதப்படுத்தாமல் தைத்திருந்தால், இரண்டு மூன்று துவைப்பில் அந்தத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வந்துவிடும். நூலில் இருக்கிற முறுக்குதான் காரணம், ஸ்பைராலிட்டி என்போம். பையர்கள் சாம்பிளைத் துவைத்துவிட்டு ஸ்கேலை வைத்து அளப்பார்கள். புதுச் சட்டையிலேயே தையல் லேசாகச் சாய்ந்திருந்தால் துவைத்த பிறகு எங்கே போகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

போலோவில் காலர் சுருண்டுகொண்டால் ஆளே களைத்துத் தெரிவார். துவைத்ததும் ஈரத்திலேயே காலரை விரித்து நீவிக் காயப்போடுங்கள். நெஞ்சில் பெரிய லோகோ வேண்டாம். இதில் என் கருத்து கடுமையானது: எட்டடி தள்ளி நின்றால் பிராண்ட் பெயர் படிக்க முடிகிற சட்டை விளம்பரப் பலகை, மீட்டிங் உடை இல்லை.

ஏப்ரல் 25

அரைக்கைச் சட்டை. கோவையிலிருந்து ஒரு நண்பர் கோபமாகவே எழுதியிருக்கிறார்: "எங்க அப்பா முப்பது வருஷம் அரைக்கைச் சட்டையில்தான் ஆபீஸ் போனார், மில் மேனேஜர். நீங்க முழுக்கைதான் மரியாதைன்னா எப்படி?"

யோசித்தேன். முழுக்கை என்று நான் சொன்னது அந்த டின்னருக்கு. ஃபேக்டரி, சைட், ஃபீல்டு என்று நாளெல்லாம் நிற்கிறவர்களுக்கும், முழுக்கையை மடித்து மடித்துச் சலித்தவர்களுக்கும் அரைக்கை சரியான உடைதான். உங்கள் அப்பா தலைமுறைக்காரர்கள் அதில் அத்தனை கம்பீரமாக இருந்ததற்கு டெய்லர் காரணம். கை அவர்களுக்கு அளவாக இருந்தது. இப்போது ரெடிமேடில் வருகிற அரைக்கை முழங்கையைத் தொட்டுக்கொண்டு, சிறகு மாதிரி விரிந்து நிற்கிறது. கை, முழங்கைக்கு மேல் மூன்று விரல் இடைவெளியில் முடியட்டும். கைக்கும் துணிக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிற அளவு போதும். இந்த இரண்டையும் டெய்லர் சீக்கிரமே செய்து கொடுத்துவிடுவார்.

முழுக்கையை மடிப்பதாக இருந்தால் கஃப் அகலத்துக்கு இரண்டு மடிப்பு, முழங்கைக்குக் கீழே நிறுத்துங்கள். முழங்கைக்கு மேலே ஏற்றினால் சண்டைக்குப் போகிற தோற்றம்.

ஏப்ரல் 26

வெளியே விடுகிற சட்டைக்கும் இன் பண்ணுகிற சட்டைக்கும் அடிப்பகுதி வேறு. ஆப்பிள் கட் என்று டெய்லர்கள் சொல்கிற வளைந்த அடி, பெரும்பாலும் இன் பண்ணுவதற்கு நீளமாக வெட்டினது. அதை வெளியே விட்டால் தொடை வரை தொங்கும். வெளியே விட வேண்டுமென்றால் நேரான அடி, பேண்ட் ஜிப் பாதி மறைகிற நீளம். கிளையன்ட் டின்னருக்கு இன் பண்ணுங்கள்.

மே 1

இதை எழுத வேண்டாம் என்று இருந்தேன். ஒரு தம்பி கேட்ட கேள்வி மனதை விட்டுப் போகவில்லை: "அண்ணா, நான் நல்ல கறுப்பு. எனக்கு எந்தக் கலர் எடுபடும்?"

என் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு ஒரு ஜவுளிக் கடைக்குப் போயிருந்தேன். ஒயின் நிறச் சட்டையை ஆசையாக எடுத்தான். விற்பனையாளர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, உங்க கலருக்கு இது செட் ஆகாது, லைட்டா எடுங்க" என்று வெளிர்ந்த கிரீம் நிறத்தை நீட்டினார். பையன் பேசாமல் ஒயின் நிறத்தை மடித்து வைத்துவிட்டான். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அந்தச் சட்டையைத்தான் வாங்கிக் கொடுத்தேன். அவன் அதைப் போட்டுக்கொண்டு நின்றபோது வீட்டில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தம்பி, கறுப்புத் தோலுக்கு எடுபடாத நிறம் என்று எனக்குத் தெரிந்து ஒன்றுதான்: தோலும் துணியும் ஒரே அடர்த்தியில் மங்கிப் போகிற சாம்பல் பழுப்பு. மற்றபடி வெள்ளை நம் மேல் எரிகிற மாதிரி வேறு யார் மேலும் எரியாது. ஒயின், பாட்டில் பச்சை, கடுகு மஞ்சள், அடர்நீலம், செங்கல் நிறம், எல்லாமே நம் உடம்புக்கு நின்று பேசும். வெளிறின கிரீமைக் கொடுத்துப் பதுங்கச் சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். ஆபீஸ் உடையில் நிறம் தேடுகிற கண்ணுக்கு முதல் வேலை தன் முகத்தை ஒளித்துவைப்பது இல்லை.

மே 9

முதலில் கேள்வி கேட்ட தம்பி, போட்டுக்கொண்டு போனது என்ன என்று எழுதியிருக்கிறார். வெள்ளைச் சட்டை, கடல்நீல சினோ, சாம்பல் பனியன். பிளேசர் வாங்கிய நண்பர் டின்னர் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே கழற்றிவிட்டாராம், வந்தவர்களில் இரண்டு பேர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார்களாம். தம்பி, சந்தோஷம். ஐ.டி. கார்டைக் கழுத்திலிருந்து கழற்றிவிட்டுப் போனேன் என்று எழுதியதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அதைப் பலர் டின்னரிலும் தொங்கவிட்டுக்கொண்டு சாம்பாரில் நனைக்கிறார்கள்.

சட்டைப் பையில் போன் வைக்காதீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு நல்ல துணியும் ஒரு பக்கம் இழுத்துத் தொங்கிவிடும். பேனா ஒன்று போதும்.

நெற்றியில் திருநீறு, கையில் கயிறு பற்றிக் கேட்ட நண்பருக்கு: தாராளமாக. கயிறு நைந்து அழுக்கேறியிருந்தால் புதிது கட்டிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

மே 20

வேட்டி. இந்தப் பேச்சு எப்படியும் வரும் என்று தெரியும்.

2014 ஜூலையில் சேப்பாக்கத்தில் கிரிக்கெட் சங்க கிளப்பில் நடந்த புத்தக வெளியீட்டுக்கு வேட்டியில் வந்த உயர்நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டசபையில் சட்டம் வந்தது. வேட்டி கட்டியவரைத் தடுக்கிற கிளப்பின் உரிமம் ரத்து, ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். ஆக, தமிழ்நாட்டில் கிளப், பொது இடம் எதிலும் வேட்டிக்காக யாரையும் தடுக்க முடியாது.

ஆனால் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மேல் பையில் எட்டிப் பார்க்கும் நோட்டு என்று போனால் கட்சிக்காரரா என்று கேட்பார்கள். வேலை இடத்துக்கு வேட்டி கட்டுவதென்றால் மெல்லிய கரை, மேலே ஒரே நிறத்தில் முழுக்கைச் சட்டை. கைத்தறிச் சட்டையென்றால் இன்னும் நன்றாக இருக்கும், கோ-ஆப்டெக்ஸில் ரெடிமேடாகவே கிடைக்கிறது. காலுக்கு லெதர் செருப்பு, ஷூ கூடாது. பொங்கல் விழாவுக்கு மட்டும் கட்டுவது என்று வைத்துக்கொண்டால் கட்டத் தெரியாமலேயே போய்விடும். வெள்ளிக்கிழமைகளில் கட்டிப் பழகுங்கள்.

ஜூன் 3

மெட்ராஸ் செக்ஸ், அதாவது பல நிறக் கட்டம் போட்ட பருத்திச் சட்டையை ஒருவர் படத்தோடு போட்டு, "இதைப் போய் ஆபீஸுக்கா, கைலி மாதிரி இருக்கே" என்கிறார். கைலியும் இதுவும் ஒரே தறிக் குடும்பம்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

1958-ல் அமெரிக்காவின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்கு இந்தத் துணி போனது. விற்றவர் கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயர், பின்னாளில் லீலா ஹோட்டல்களைத் தொடங்கியவர். குளிர்ந்த நீரில் தனியாகத் துவைக்க வேண்டும் என்ற எச்சரிக்கை வாங்கியவர்களிடம் போய்ச் சேரவில்லை. துவைத்ததும் சாயம் போனது. ரகளை. கடைசியில் 'சாயம் போவது உறுதி' என்பதையே விளம்பரமாக மாற்றி விற்றுத் தீர்த்தார்கள். ஒவ்வொரு துவைப்பிலும் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து மங்குவதுதான் அழகு என்று அமெரிக்கக் கல்லூரிப் பையன்கள் தேடி வாங்கினார்கள். நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய துணியை அவர்கள் பிளேசராகவே தைத்துப் போடுகிறார்கள். நாம் ஒரு சட்டை போட யோசிக்க வேண்டாம்.

எடுக்கும்போது கட்டம் சின்னதாக, நிறம் அடங்கினதாக இருக்கட்டும். பையின் கட்டமும் சட்டையின் கட்டமும் கோடு விடாமல் சேர்கிறதா, பட்டன் பட்டியில் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் சந்திக்கிறதா என்று பாருங்கள். டெய்லரிடம் கொடுத்தால் கட்டம் சேர்க்கக் கொஞ்சம் துணி அதிகம் வாங்கிக் கொடுங்கள். தைப்பதற்கு முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துக் காயவிடுங்கள். சுருங்குகிறது முன்னாடியே சுருங்கட்டும்.

ஜூன் 4

டெய்லர் என்றதும் நினைவு வந்தது. 'அளவு சட்டை' கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். அந்தப் பழைய சட்டையில் இருக்கிற கோளாறு அப்படியே புதிதிலும் வரும். நின்று, டேப்பை வைத்து அளவெடுக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் உள்ளே அரை அங்குலம் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். உடம்பு போட்டால் பிரித்துவிடலாம்.

ஜூன் 18

தொப்பை உள்ளவர்களுக்கு என்ன என்று நாற்பதைத் தாண்டியவர்கள் கேட்கிறீர்கள். பேண்ட்டை வயிற்றுக்குக் கீழே இறக்கிக் கட்டுவதுதான் பெரும்பாலோர் செய்வது. அதனால் வயிறு பெல்ட்டுக்கு மேல் தொங்கி இரண்டு மடங்காகத் தெரியும், காலும் குட்டையாகிவிடும். தொப்புள் பக்கம், வயிற்றின் மேலேயே கட்டுகிற மாதிரி ஏற்றம் கூடிய பேண்ட் தையுங்கள். முன்னால் ஒரு மடிப்பு வைத்தால் உட்காரும்போது இழுக்காது. சட்டை பட்டன்களுக்கு நடுவே வாய் பிளக்கக் கூடாது, உட்கார்ந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இறுக்கிப் போட்டால் மெலிந்து தெரியாது. லூஸாகப் போட்டாலும் மறையாது. அளவாகப் போட்டால் யாரும் வயிற்றைக் கவனிக்க மாட்டார்கள்.

அக்டோபர் 27

மழை ஆரம்பித்துவிட்டது, சென்னைக்காரர்கள் எல்லோரும் ஷூவைப் பற்றிக் கேட்கிறீர்கள்.

கையில் இருக்கிற காசில் பெரிய பங்கை ஷூவுக்கே வையுங்கள். ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்புகிறார்கள். நல்ல லெதர் நமக்குக் கைக்கெட்டும் தூரம். லேஸ் கட்டுகிற பழுப்பு டெர்பி ஒன்று, லேஸ் இல்லாத லோஃபர் ஒன்று இருந்தால் போதும். விளிம்பை உற்றுப் பாருங்கள்: அடிப்பாகத்தைச் சுற்றி நிஜமாகவே நூல் ஓடுகிறதா, இல்லை தையல் மாதிரி அச்சு மட்டும் பதித்திருக்கிறதா? தைத்தது என்றால் அடி தேய்ந்த பிறகு மாற்றலாம். பசையில் ஒட்டியது வேளச்சேரித் தண்ணீரில் இரண்டு முறை இறங்கினால் வாயைத் திறக்கும்.

மழை மாதங்களில் ரப்பர் அடி. ஸ்வேட் லெதர் (மேல்பக்கம் வெல்வெட் மாதிரி இருப்பது) தை பிறக்கும் வரை அலமாரியில் இருக்கட்டும். ரெயின்கோட்டோடு செருப்பில் வந்து ஆபீஸில் ஷூ மாற்றிக்கொள்வதில் ஒரு தப்பும் இல்லை. சாக்ஸ் பேண்ட்டின் நிறத்தோடு போகட்டும், உட்காரும்போது கால் தோல் தெரியாத நீளத்தில்.

நனைந்துவிட்டால் ஹேர் டிரையர், வெயில், ஃபிரிட்ஜ் பின்பக்கம் எதுவும் வேண்டாம், லெதர் வெடிக்கும். லேஸைக் கழற்றி, உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, ஃபேன் காற்றில் வையுங்கள். தாள் ஈரமானதும் மாற்றுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகுதான் பாலிஷ்.

நவம்பர் 2

கடைசியாக வந்த கேள்வி லினன் இஸ்திரி. காய்ந்த லினனில் எவ்வளவு தேய்த்தாலும் கோடு போகாது. கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே கொடியிலிருந்து எடுத்துவிடுங்கள், காய்ந்துவிட்டால் தண்ணீர் தெளித்துச் சுருட்டி அரை மணி நேரம் வையுங்கள். அடர் நிறமென்றால் உள்பக்கம் திருப்பித் தேயுங்கள், இல்லையென்றால் பளபளப்புத் தழும்பு விழும். காலர், கஃப், கை, அப்புறம் உடம்பு என்ற வரிசையில் போனால் தேய்த்த இடம் திரும்பக் கசங்காது. தெருவில் இஸ்திரி வண்டிக்காரரிடம் கொடுப்பதென்றால் இந்த ஈர விஷயத்தை ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள், அவரே பார்த்துக்கொள்வார்.